வாக்கு இல்லாதவர்கள் சட்டத்தை அசைத்தது எப்படி? 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சீர்திருத்த இயக்கங்கள்: ஓர் எளிய அறிமுகம்

1830-ல் அமெரிக்காவில் வாக்குரிமை ஏறக்குறைய முழுவதும் வெள்ளையின ஆண்களிடமே இருந்தது. பெண்களுக்கு எந்த மாநிலத்திலும் வாக்கு இல்லை. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த 20 இலட்சம் பேர் சட்டத்தின் கண்ணில் பிறருடைய சொத்து. அடிமைத்தளை இல்லாத கறுப்பின ஆண்களுக்கும் ஒரு சில மாநிலங்களில் மட்டுமே வாக்குச்சீட்டு கிடைத்தது.

அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த நாட்டின் சட்டப் புத்தகத்தில் நடந்த பெரிய மாற்றங்கள் பலவற்றுக்கு இந்த வாக்கில்லாதவர்களே முதல் தள்ளு கொடுத்தார்கள். பாடப்புத்தகங்கள் அடிமை ஒழிப்பு, மதுவிலக்கு, பெண்ணுரிமை, பொதுப்பள்ளி, மனநல விடுதி என்று இயக்கங்களைத் தனித்தனித் தலைப்பாகப் பிரித்து வைக்கின்றன. புதிதாகப் படிக்க வருபவருக்கு அந்தப் பிரிப்பு குழப்பத்தையே தரும். எல்லாவற்றிலும் அதே ஆட்கள், அதே தேவாலயக் கூடங்கள், அதே நான்கு கருவிகள்: சங்கம், ஊர் ஊராகப் போகும் பேச்சாளர், மலிவான பத்திரிகை, மனு. இந்த நான்கும் எப்படி வேலை செய்தன, எங்கே பழுதாயின என்று பார்த்துவிட்டால் இயக்கங்கள் தாமாகவே பிடிபடும்.

ஏன் அப்போது, ஏன் அங்கே?

முதல் காரணம் மதம். அதுவரை நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஓங்கியிருந்த கால்வினியக் கிறித்தவம், யாருக்கு மீட்பு என்பதைக் கடவுள் முன்பே முடிவு செய்துவிட்டார் என்றது. 1820களில் பரவிய எழுச்சிக் கூட்டங்களின் போதகர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள். பாவம் செய்வதும் விடுவதும் மனிதனின் தேர்வு, இன்றே விடலாம், இப்போதே விடலாம் என்றார்கள். அவர்களில் மிகப் பெயர்பெற்றவர் சார்லஸ் ஃபின்னி. 1830-31 குளிர்காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் அவர் மாதக்கணக்கில் தங்கிப் பிரசங்கம் செய்தார். ஒரு பாவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. குடிப்பதும் அடிமை வைத்திருப்பதும் பாவம் என்று ஒருவர் ஏற்றுக்கொண்டால், ‘உடனே நிறுத்து’ என்பதைத் தவிர வேறு முடிவு அவருக்கு இல்லை. அடிமை ஒழிப்பாளர்களின் ‘உடனடி விடுதலை’ கோரிக்கை இந்த இறையியலிலிருந்தே வலுப்பெற்றது.

இரண்டாவது காரணம் போக்குவரத்து. 363 மைல் நீளமுள்ள ஈரி கால்வாய் 1825-ல் திறக்கப்பட்டது. அதன் கரையில் இருந்த ராச்செஸ்டர் சில ஆண்டுகளிலேயே மாவு மில்களின் நகரமாக ஊதிப் பெருகியது. புதிதாகக் குடியேறியவர்கள், புதிய கூலி வேலை, புதிய சாராயக் கடைகள், புதிய கவலைகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்தன.

மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை: தபால் கட்டணம். 1792-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு செய்தித்தாளை 100 மைலுக்குள் அனுப்ப ஒரு சென்ட், அதற்கு மேல் ஒன்றரை சென்ட். ஒரு தாள் கடிதத்துக்கோ தூரத்தைப் பொறுத்து 6 முதல் 25 சென்ட் வரை. அதாவது நண்பருக்கு ஒரு கடிதம் போடும் செலவில் நான்கைந்து ஊர்களுக்குப் பத்திரிகை அனுப்பிவிடலாம். நீராவி அச்சு எந்திரமும் சேர்ந்துகொண்டபோது, பணபலம் இல்லாத ஒரு சிறு குழுவால் நாடு முழுவதும் பேச முடிந்தது.

தமிழர்களுக்கு இதில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. இதே மத எழுச்சியின் முதல் அலையில், 1810-ல் மாசசூசெட்ஸில் உருவான அயல்நாட்டு மிஷன் சங்கந்தான் 1816 முதல் யாழ்ப்பாணத்தில் வேலை செய்த அமெரிக்க மிஷனை அனுப்பியது. வட்டுக்கோட்டைச் செமினரியும் (1823) உடுவில் பெண்கள் பள்ளியும் (1824) அதன் வழி வந்தவை.

சங்கம்: ஒரு சென்ட்டில் தொடங்கும் அமைப்பு

1833 டிசம்பரில் பிலடெல்பியாவில் அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கம் தொடங்கியபோது கூடியவர்கள் சுமார் 60 பேர். ஐந்தே ஆண்டுகளில் 1,300-க்கும் மேற்பட்ட கிளைச் சங்கங்கள் இருந்தன. இந்த வளர்ச்சிக்குக் காரணம் அமைப்பு முறையின் எளிமை. ஓர் ஊரில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால் போதும். ஒரு சிறு விதித்தொகுப்பை எழுதி நிறைவேற்றுவார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு என்று தேர்ந்தெடுப்பார்கள். மேலே உள்ள மாநிலச் சங்கத்தோடு இணைவார்கள். மே மாதத்தில் நியூயார்க்கில் நடக்கும் ஆண்டுக் கூட்டத்துக்குப் பிரதிநிதி அனுப்புவார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? நியூயார்க்கின் ஆர்தர், லூயிஸ் தப்பான் சகோதரர்கள் போன்ற வணிகர்கள் பெருந்தொகை கொடுத்தார்கள். 1837-ல் வந்த வணிக நெருக்கடியில் அந்த ஊற்று வற்றியது. பணக்காரப் புரவலர்களை நம்பிய இயக்கம் எவ்வளவு சீக்கிரம் ஆட்டம் காணும் என்பதற்கு இது நல்ல உதாரணம். அப்போது கைகொடுத்தது சிறுதொகை வசூல்: உறுப்பினர் வாரம் ஒரு சென்ட் தருவது, ஆண்டுக்கு 52 சென்ட். பாஸ்டனில் மரியா வெஸ்டன் சாப்மன் முதலிய பெண்கள் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் கைவேலைச் சந்தை நடத்திப் பணம் திரட்டினார்கள். இயக்கத்தின் வரவு செலவில் பெண்களின் ஊசியும் நூலும் எவ்வளவு சுமந்தன என்பது பொதுவாக எழுதப்படும் வரலாற்றில் போதுமான இடம் பெறவில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த இயக்கத்தைத் தொடங்கியவர்கள் வெள்ளையர்கள் அல்லர். 1816-ல் தோன்றிய குடியேற்றச் சங்கம், கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடுவதே தீர்வு என்றது. அதைச் சீர்திருத்தம் என்றே பல வெள்ளையர்கள் நம்பினார்கள். 1817 ஜனவரியில் பிலடெல்பியாவின் பெத்தேல் தேவாலயத்தில் சுமார் 3,000 கறுப்பின மக்கள் கூடி, இதுதான் எங்கள் நாடு, நாங்கள் போகமாட்டோம் என்று அதை நிராகரித்தார்கள். 1827-ல் நியூயார்க்கில் முதல் கறுப்பினச் செய்தித்தாள் வந்தது. 1829-ல் பாஸ்டனில் பழைய துணிக்கடை வைத்திருந்த டேவிட் வாக்கர், அடிமை முறைக்கு எதிராக நெருப்பாக ஒரு பிரசுரம் எழுதினார். வில்லியம் லாயிட் காரிசன் 1831 ஜனவரி 1 அன்று பாஸ்டனில் ‘லிபரேட்டர்’ வார இதழைத் தொடங்கியபோது, அதன் முதல் ஆண்டுச் சந்தாதாரர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்களே. பிலடெல்பியாவில் பாய்மரத் துணி தைக்கும் தொழிற்சாலை நடத்திய ஜேம்ஸ் ஃபோர்ட்டன் பணம் அனுப்பிக் கைதூக்கிவிட்டார். அந்த இதழ் ஒரு வாரம்கூடத் தவறாமல் 1865 இறுதி வரை, மொத்தம் 1,820 இதழ்கள் வந்தது.

பேச்சாளர்: ஒரே ஊரில் பல இரவுகள்

பேச்சாளர்களில் மிகக் கெட்டிக்காரர் தியோடர் வெல்டு. ஒரு ஊருக்கு ஒரு பேச்சு என்று ஓடமாட்டார். ஒரே ஊரில் பல இரவுகள் தொடர்ந்து பேசுவார். முதல் இரவுகளில் கூச்சலும் கல்லெறியும் இருக்கும். அவற்றைத் தாங்கிக்கொண்டு நின்றால், ஊர்க்காரர்களுக்கு ஆர்வம் கூடிக் கடைசி இரவுகளில் கூடம் நிரம்பும். முடிவில், உடனடி விடுதலையை ஏற்பவர்கள் எழுந்து நில்லுங்கள் என்பார். அப்படி எழுந்து நின்றவர்களைக் கொண்டே கிளைச் சங்கம் அமையும். 1836 இறுதியில் ‘எழுபதின்மர்’ என்ற பெயரில் பேச்சாளர்களைத் திரட்டி நியூயார்க்கில் அவர் பயிற்சி கொடுத்தார். அந்த ஆண்டுதான் அவருடைய தொண்டை கெட்டது. அதன்பின் மேடையை விட்டு எழுத்துக்கு வந்தார்.

1839-ல் அவர் வெளியிட்ட நூலின் தொகுப்பு முறை இன்றைக்கும் பாடமாகக் கூடியது. மனைவி ஆஞ்சலினா கிரிம்கேயும் அவருடைய அக்காள் சாராவும் அடிமை முறை நிலவிய தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த பழைய செய்தித்தாள்களை ஆயிரக்கணக்கில் புரட்டி வெட்டி எடுத்தார்கள். அடிமை உரிமையாளர்களே கொடுத்த ‘ஓடிப்போனவரைக் காணவில்லை’ விளம்பரங்களில் அடையாளமாக என்ன எழுதியிருந்தது? சூட்டுத் தழும்பு, சவுக்குத் தழும்பு, அறுக்கப்பட்ட காது, காலில் இரும்பு வளையம். வடக்கத்திக்காரன் பொய் சொல்கிறான் என்று தெற்கால் வாதாட முடியவில்லை. சான்று அவர்கள் கையாலேயே எழுதப்பட்டிருந்தது.

மனு: கதவு கதவாகப் போன காகிதம்

நான்கு கருவிகளில் மிகக் கூர்மையானது மனுதான். வாக்கு இல்லாதவரும் அரசிடம் முறையிடலாம் என்ற உரிமை அரசியலமைப்பின் முதல் திருத்தத்திலேயே இருந்தது. பெண்கள் அதை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

எதைக் கேட்பது என்பதில் ஒரு நுட்பம் தேவைப்பட்டது. மாநிலங்களுக்குள் அடிமை முறையை ஒழிக்கக் காங்கிரசுக்கு (அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு) அதிகாரம் இல்லை என்பதே அன்று பெரும்பாலோர் ஏற்ற சட்டக் கருத்து. தலைநகர் வாஷிங்டன் இருக்கும் கொலம்பியா மாவட்டமோ காங்கிரசின் நேரடி ஆட்சியில் இருந்தது. எனவே மனுக்கள் ‘தலைநகரில் அடிமை முறையை நிறுத்துங்கள்’, (அடிமை முறையோடு அப்போது தனிநாடாக இருந்த) ‘டெக்சாஸை நாட்டோடு சேர்க்காதீர்கள்’ என்று கேட்டன. காங்கிரசால் தட்டிக்கழிக்க முடியாத கேள்வியைத் தேர்ந்தெடுத்துக் கேட்டதுதான் இங்கே சாமர்த்தியம்.

செய்முறை இப்படி: ஓரிரு வரி வாசகத்தை அச்சிட்ட தாள்கள் கிளைச் சங்கங்களுக்குப் போகும். பெண்கள் தெரு பிரித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். ஆண்களின் கையெழுத்தும் பெண்களின் கையெழுத்தும் பெரும்பாலும் தனி வரிசையில், சில சமயம் தனித் தாளில் இருக்கும். இடம் போதாவிட்டால் அடியில் இன்னொரு தாளை ஒட்டுவார்கள். இப்படி ஒட்டி ஒட்டி நீண்ட சுருள் தங்கள் பகுதிக் காங்கிரஸ் உறுப்பினருக்குப் போய்ச் சேரும். கையெழுத்துப் போடாதவரிடமும் கால் மணி நேரம் பேச்சு நடந்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது. சுருளில் ஏறாத அந்தப் பேச்சுகளும் பிரசாரமே.

தெற்கு உறுப்பினர்கள் இதைப் பொறுக்கவில்லை. 1836 மே மாதம் பிரதிநிதிகள் சபை ஒரு தீர்மானம் போட்டது: அடிமை முறை பற்றிய மனு எது வந்தாலும் படிக்காமல், அச்சிடாமல், விவாதிக்காமல் மேசையில் ஒதுக்கிவைக்கப்படும். இதுதான் ‘வாய்ப்பூட்டு விதி’ எனப்பட்டது. அது வேலை செய்திருக்க வேண்டும். உண்மையில் அதுவே இயக்கத்துக்கு உரமானது. அடிமைகளைப் பற்றி அதுவரை கவலைப்படாத வடக்கத்தி வெள்ளையர்களுக்கும், ‘என் மனு உரிமையைப் பறிக்கிறார்களா?’ என்ற கோபம் வந்தது. மனுக்கள் பல மடங்கு பெருகின. முன்னாள் ஜனாதிபதியும் அப்போது சாதாரண சபை உறுப்பினருமான ஜான் குவின்சி ஆடம்ஸ் விடாமல் மல்லுக்கு நின்றார். 1837-ல், அடிமைகளே அனுப்பிய மனு ஒன்று கையில் இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா என்று அவர் சபாநாயகரிடம் கேட்டபோது சபை கொந்தளித்தது. 1844 டிசம்பரில் விதி நீக்கப்பட்டது.

அதே ஆண்டுகளில் வெளியே நடந்தது இதைவிடக் கொடியது. 1835 ஜூலையில் தெற்கு கரோலினாவின் சார்லஸ்டன் தபால் நிலையத்துக்கு வந்த அடிமை ஒழிப்புப் பிரசுரங்களைக் கும்பல் எடுத்து எரித்தது. 1837 நவம்பரில் இல்லினாய் மாநிலத்தின் ஆல்ட்டன் ஊரில், தன் அச்சு எந்திரத்தைக் காக்க நின்ற ஆசிரியர் எலைஜா லவ்ஜாயைக் கும்பல் சுட்டுக் கொன்றது. 1838 மே மாதம் பிலடெல்பியாவில் சீர்திருத்தக்காரர்கள் பணம் திரட்டிக் கட்டிய பென்சில்வேனியா மண்டபம் திறந்து நான்காம் நாளே கொளுத்தப்பட்டது. கறுப்பினப் பெண்களும் வெள்ளைப் பெண்களும் அங்கே ஒன்றாகக் கூடியது கும்பலின் ஆத்திரங்களில் ஒன்று.

மனு என்னும் கருவி கடைசியாக விசுவரூபம் எடுத்தது வடக்குக்கும் தெற்குக்கும் 1861-ல் மூண்ட உள்நாட்டுப் போரின் நடுவில். 1863-ல் பெண்ணுரிமைத் தலைவர்களான எலிசபெத் கேடி ஸ்டாண்டனும் சூசன் பி. ஆண்டனியும் அமைத்த பெண்கள் கழகம், அடிமை முறையை அடியோடு ஒழிக்கக் கோரிக் கையெழுத்துத் திரட்டியது. 1864 பிப்ரவரி 9 அன்று உயரமான இரண்டு கறுப்பின ஆண்கள் பெருஞ்சுருள்களைச் செனட் அவைக்குள் தூக்கிவந்து, அடிமை முறையை எதிர்த்த உறுப்பினர் சார்லஸ் சம்னரின் மேசைமேல் வைத்தார்கள். முதல் தவணையில் ஓர் இலட்சம் கையெழுத்து: 65,601 பெண்கள், 34,399 ஆண்கள். இயக்கம் முடிவதற்குள் அது 4 இலட்சத்தை நெருங்கியது. அடிமை முறையை ஒழிக்கும் 13-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1865 டிசம்பரில் மாநிலங்களின் ஒப்புதல் பெற்று நடப்புக்கு வந்தது. அடிமை முறை மனுவால் மட்டும் ஒழியவில்லை. போரும், தோட்டங்களை விட்டு ஓடிவந்து வடக்கின் படையில் சேர்ந்த கறுப்பின மக்களும் அதை முறித்தார்கள். ஆனால் போர் வந்தபோது என்ன கேட்பது என்று தெளிவாகத் தெரிந்த இலட்சக்கணக்கானோர் தயாராக இருந்தது, 30 ஆண்டு மனு வேலையின் பலன்.

மதுவிலக்கு: உறுதிமொழியிலிருந்து சட்டத்துக்கு

இன்று வாசிப்பவருக்கு மதுவிலக்கு இயக்கம் வெறும் ஒழுக்கப் போதனையாகத் தோன்றலாம். அன்றைய அளவைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். 1830 வாக்கில் 15 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 7 காலன் சுத்த ஆல்கஹால் குடித்தார் என்பது வரலாற்றாய்வாளர்களின் கணிப்பு. ஏறத்தாழ 26 லிட்டர். காரணம் பொருளாதாரம்: அப்பலாச்சிய மலைக்கு அப்பால் விளைந்த மக்காச்சோளத்தை மலை தாண்டிக் கொண்டுவருவது கட்டுப்படியாகவில்லை. வடித்து விஸ்கியாக்கினால் சுமையும் குறைவு, கெடவும் கெடாது. விலை மண்ணாகச் சரிந்தது.

இதன் முழு அடியும் விழுந்தது மனைவிமேல். திருமணமான பெண்ணின் கூலியும் சொத்தும் சட்டப்படி கணவனுடையவை. அவன் எல்லாவற்றையும் குடித்தே அழித்தாலும் அவளால் தடுக்க முடியாது. பெண்கள் ஏன் இந்த இயக்கத்தில் இவ்வளவு உறுதியாக நின்றார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

1826-ல் பாஸ்டனில் அமெரிக்க மதுவிலக்குச் சங்கம் தோன்றியது. கருவி, கையெழுத்திட்ட உறுதிமொழி. முதலில் அது விஸ்கி, ரம் போன்ற வடித்த சாராயத்தை மட்டுமே விலக்கியது. பியர், ஒயின், ஆப்பிள் மது எல்லாம் சரி. 1836-ல் தேசிய அமைப்பு எல்லா மதுவையும் விலக்கும் முழு உறுதிமொழிக்கு மாறியது. அதில் ஒயின் குடிக்கும் வசதியானவர்கள் பலர் விலகினார்கள். 1840-ல் பால்ட்டிமோரில் குடியர்கள் ஆறு பேர் தாங்களே உறுதியெடுத்து ‘வாஷிங்டனியர்’ சங்கத்தைத் தொடங்கினார்கள். போதகரின் கண்டிப்பைக் காட்டிலும் குடியை விட்டவனின் வாக்குமூலம் குடிகாரனைத் தொட்டது. 1840களின் நடுவில் சராசரி 2 காலனுக்கும் கீழே வந்தது. ஒரே தலைமுறைக்குள், பெரும்பாலும் சட்டம் இல்லாமலே நடந்த வீழ்ச்சி இது. இந்த இயக்கங்களின் சாதனைகளில் மிகக் குறைவாக மதிக்கப்படுவது இதுவே.

சட்டத்துக்குப் போனபோது சிக்கல் தொடங்கியது. 1838-ல் மாசசூசெட்ஸ் மாநிலம், 15 காலனுக்குக் குறைவாகச் சாராயம் விற்கக் கூடாது என்றது. சில்லறைக் கடையை மூடுவது நோக்கம். 15 காலன் மொத்தமாக வாங்கும் பணக்காரனுக்கு வலி இல்லை. ஒரு கோப்பை வாங்கும் கூலியாளுக்குத்தான் தடை. டெதம் ஊரில் ஒரு வியாபாரி பன்றிமேல் வரி வரியாகச் சாயம் பூசிக் கொட்டகைக்குள் கட்டினான். ‘வரிப்பன்றி’யைப் பார்க்கக் கட்டணம் சில சென்ட், உள்ளே போனால் ஒரு கோப்பை ரம் ‘இலவசம்’. சட்டம் ஊர்ச்சிரிப்பானது. 1840-ல் நீக்கப்பட்டது.

போர்ட்லண்ட் நகர மேயர் நீல் டவ் முன்னின்று கொண்டுவந்த 1851-ஆம் ஆண்டு மெய்ன் மாநிலச் சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது: விற்பனையும் உற்பத்தியும் முழுத் தடை, மருந்துக்கும் தொழிலுக்கும் மட்டும் ஊர் நியமிக்கும் முகவர் விற்கலாம். சில ஆண்டுகளில் பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதைப் பின்பற்றின. 1855 ஜூனில், மருந்துக்கென்று டவ் வாங்கி வைத்த சாராயத்தை எதிர்த்துக் கூட்டம் திரண்டது. அவர் உத்தரவில் காவற்படை சுட்டதில் ஒருவர் இறந்தார். மறு ஆண்டே சட்டம் போனது. அதே 1855-ல் சிகாகோவில் உரிமக் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 300 டாலராக ஏற்றி, ஞாயிற்றுக்கிழமைக் கடைகளை மூடியபோது ஜெர்மானியர்கள் கலகம் செய்தார்கள். குடியேறிகளுக்குப் பியர்க்கடை ஒரு சமூகக் கூடம். அதை மூடுவது தங்கள்மேல் தொடுத்த போராக அவர்களுக்குப் பட்டது. அந்தச் சந்தேகம் தவறில்லை. சீர்திருத்தத்துக்குள் ஐரிஷ், ஜெர்மானியக் குடியேறிகள்மேல் வெறுப்பு கலந்திருந்தது. 1862-ல் போர்ச்செலவுக்காக மத்திய அரசு மதுவுக்கு வரி போட்டதும், அரசின் கஜானாவே சாராயத்தை நம்பத் தொடங்கியது. அந்தப் பிடி தளர, 1913-ல் வருமான வரி வரவேண்டியிருந்தது. ஆறே ஆண்டுகளில், 1919-ல், தேசிய மதுவிலக்குத் திருத்தம் ஒப்புதல் பெற்றது.

மற்ற சில இயக்கங்கள்

டொரோத்தியா டிக்ஸின் முறையைத் தனியே கவனிக்க வேண்டும், ஏனென்றால் அவருக்குப் பின்னால் சங்கமே இல்லை. 1841 மார்ச்சில் கிழக்குக் கேம்பிரிட்ஜ் சிறைக்குப் பெண் கைதிகளுக்கு வேத பாடம் எடுக்கப் போனவர், மனநோயாளிகளை அங்கே கணப்பில்லாத அறைகளில் அடைத்திருந்ததைக் கண்டார். பிறகு மாசசூசெட்ஸின் சிறைகளையும் ஏழை விடுதிகளையும் ஊர் ஊராகச் சுற்றிக் குறிப்பெடுத்தார். 1843-ல் சட்டமன்றத்துக்கு எழுதிய விண்ணப்பத்தில் அடைமொழிகளைக் குறைத்து ஊர்ப்பெயரையும் கண்டதையும் அடுக்கினார்: லிங்கனில் கூண்டில் ஒரு பெண், மெட்ஃபோர்டில் சங்கிலியில் ஒருவர், 17 ஆண்டுகளாக அடைப்பில் இன்னொருவர். அவையில் அதை முன்வைத்தவர் உறுப்பினரான சாமுவேல் ஹோவ். ஊஸ்டர் மனநல விடுதி விரிவாக்கப்பட்டது. டிக்ஸ் இதே முறையோடு மாநிலம் மாநிலமாகப் போனார். தெற்கின் சட்டமன்றங்கள் கதவைத் திறக்க வேண்டும் என்பதற்காக அடிமை முறை பற்றி வாய் திறக்கவில்லை. அது சாதாரண விலை இல்லை. 1854-ல் மனநல விடுதிகளுக்காகப் பெரும் நிலக் கொடை வழங்கும் சட்டத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றியும் ஜனாதிபதி பியர்ஸ் தடுத்துவிட்டார். அன்றைய மருத்துவர்கள் ஒரு விடுதிக்கு 250 நோயாளிகளே உச்சம் என்று வகுத்திருந்தார்கள். மாநிலங்கள் கட்டடத்துக்குப் பணம் கொடுத்து, பராமரிப்புக்கும் ஆட்களுக்கும் கையை இறுக்கியதால், நூற்றாண்டின் கடைசியில் அவை நெரிசல் கிடங்குகளாயின.

பள்ளிகளில் ஹொரேஸ் மான் 1837 முதல் 12 ஆண்டுகள் மாசசூசெட்ஸ் கல்வி வாரியச் செயலாளராக இருந்து, வரிப்பணத்தில் எல்லோருக்கும் பள்ளி, பயிற்சி பெற்ற ஆசிரியர் என்ற இரண்டையும் நிலைநாட்டினார். 1839-ல் லெக்சிங்டனில் முதல் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறந்த அன்று வந்த மாணவிகள் மூன்றே பேர். கத்தோலிக்கக் குடியேறிகளுக்கு அங்கே புரொட்டஸ்டண்ட் பைபிள் வாசிக்கப்பட்டது பிடிக்கவில்லை. 1844-ல் பிலடெல்பியாவில் அது இரத்தக் கலவரமாக வெடித்தது.

வெளியே தள்ளப்பட்டவர்கள் தொடங்கிய அடுத்த இயக்கம்

ஓர் இயக்கத்துக்குள் வாயடைக்கப்பட்டவர்களே அடுத்த இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஆஞ்சலினா கிரிம்கே 1838-ல் மாசசூசெட்ஸ் சட்டமன்றக் குழுமுன் பேசினார்; பெண்கள் பொதுமேடையில் பேசக் கூடாது என்று போதகர்கள் முந்தைய ஆண்டே சுற்றறிக்கை விட்டிருந்தார்கள். 1840-ல் அப்பி கெல்லி என்ற பெண்ணை நிர்வாகக் குழு ஒன்றில் நியமித்தபோது அடிமை ஒழிப்புச் சங்கமே இரண்டாக உடைந்தது. அதே ஆண்டு லண்டனில் நடந்த உலக மாநாட்டில் பெண் பிரதிநிதிகளுக்கு இடம் மறுக்கப்பட்டது. அங்கேதான் லுக்ரீஷியா மோட்டும் ஸ்டாண்டனும் சந்தித்தார்கள். 1852-ல் ஆல்பனியில் மதுவிலக்குக் கூட்டமொன்றில் ஆண்டனியைப் பேச விடவில்லை. அவர் எழுந்து வெளியேறித் தனிச் சங்கம் கண்டார்.

1848 ஜூலை 19, 20 நாள்களில் நியூயார்க் மாநிலத்தின் செனிகா ஃபால்ஸ் ஊரின் வெஸ்லியத் தேவாலயத்தில் பெண்ணுரிமை மாநாட்டுக்குச் சுமார் 300 பேர் கூடினார்கள். சில நாள் முன்னதாகத்தான் உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பு வந்திருந்தது. 1776 சுதந்திரப் பிரகடனத்தின் வாசகத்தை எடுத்து, மன்னன் இருந்த இடத்தில் ஆணை வைத்து, குறைகளைப் பட்டியலிட்டார்கள்: சொத்து, கூலி, பிள்ளைகள்மேல் உரிமை, கல்லூரி, வாக்கு. வாக்கு கோரும் தீர்மானத்துக்கு மட்டும் தயக்கம் இருந்தது. அடிமை நிலையிலிருந்து தப்பி வந்து, ராச்செஸ்டரில் பத்திரிகை நடத்திய ஃபிரடெரிக் டக்ளஸ் எழுந்து ஆதரித்தபின் அது தேறியது. 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள். செய்தித்தாள்கள் கேலி செய்ததும் சிலர் பெயரை விலக்கிக்கொண்டார்கள்.

வென்றதும் நிலைக்கவில்லை என்பதற்கு நியூயார்க் மாநிலமே சான்று. ஆண்டனியின் பல ஆண்டு மனு வேலைக்குப் பிறகு 1860-ல், மனைவியின் கூலி அவளுக்கே, பிள்ளைகள்மேல் இருவருக்கும் சம உரிமை என்று சட்டம் வந்தது. போர் மூண்டதும் பெண்கள் தங்கள் கூட்டங்களை நிறுத்திவைத்தார்கள். 1862-ல் சட்டமன்றம் சத்தமில்லாமல் பிள்ளைகள் உரிமையைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டது.

போருக்குப் பின் மிகக் கசப்பான உடைப்பு. 15-ஆவது திருத்தம் கறுப்பின ஆண்களுக்கு வாக்குத் தந்து பெண்களை விட்டுவிட்டது. ஸ்டாண்டனும் ஆண்டனியும் அதை எதிர்த்தார்கள். எதிர்க்கும்போது ஸ்டாண்டன் கறுப்பின, குடியேறி ஆண்களை இழித்துப் பேசினார். அதை மழுப்ப வேண்டியதில்லை. இன்னொரு பெண்ணுரிமைத் தலைவரான லூசி ஸ்டோன் திருத்தத்தை ஆதரித்தார். 1869-ல் இரண்டு தனிச் சங்கங்கள். இருவருக்கும் நடுவே நசுங்கியவர்கள் கறுப்பினப் பெண்கள். கவிஞரும் பேச்சாளருமான ஃபிரான்செஸ் ஹார்ப்பர் 1866-லேயே நியூயார்க் மாநாட்டில் எழுந்து, நீங்கள் உரிமைகளைப் பேசுகிறீர்கள், நான் அநீதிகளைப் பேசுகிறேன் என்று சொல்லி, தெருவண்டிகளில் தங்களை ஏற்றாமல் இறக்கிவிடும் நடைமுறையைச் சுட்டினார். கேட்டவர்கள் குறைவு.

இரு சங்கங்களும் 1890-ல் சேர்ந்தன. பெண்களுக்கு வாக்குத் தரும் 19-ஆவது திருத்தம் 1920 ஆகஸ்டில் வந்தது. செனிகா ஃபால்ஸில் கையெழுத்திட்டவர்களில் அப்போது உயிரோடு இருந்தவர் சார்லட் உட்வர்ட் ஒருவரே. உடல்நலக் குறைவால் அவரும் வாக்களிக்கவில்லை. தெற்கு மாநிலங்களிலோ எழுத்தறிவுத் தேர்வும் தலைவரியும் மிரட்டலும் கறுப்பினப் பெண்களையும் ஆண்களையும் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தின. அதை உடைக்க 1965-ன் வாக்குரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது.